நந்தி விலகியது, விதி விலகவில்லை

காலேஜ் முடிச்சவங்க எல்லாருக்கும் ஒரு வார்த்தை நல்லாத் தெரிஞ்சிருக்கும்: காண்டொனேஷன். 75 சதவீதம் அட்டெண்டன்ஸ் இருந்தால்தான் பரீட்சை எழுதலாம் என்பது விதி. அதற்குக் கொஞ்சம் கீழே, 65-க்கு மேலே மாட்டிக்கொண்டால் ஒரு மெடிக்கல் சர்டிபிகேட், ஒரு ஃபீஸ், ஹெச்.ஓ.டி.யின் கையெழுத்து. நிறைய பல்கலைக்கழகங்களில் இதுதான் கணக்கு. நிஜமாகவே டைஃபாய்டில் படுத்தவனும் அந்த ஃபீஸைத்தான் கட்டுவான், கிரிக்கெட் ஆடப் போனவனும் அதையேதான் கட்டுவான். வீட்டில் காசு இல்லாமல் பார்ட் டைம் வேலைக்குப் போய் 63-ல் நிற்கிற பொண்ணுக்கு மட்டும் அந்தக் கதவு கிடையாது.

இன்னைக்குப் பேசப்போறது இதைத்தான். இளைஞர்களுக்காக ஒரு பள்ளியோ, விடுதியோ, படிப்போ, முகாமோ நடத்துகிறவர்கள் விதிவிலக்கு கொடுக்கும்போது என்ன நடக்கிறது? யாருக்குக் கொடுக்கிறார்கள்? கொடுத்த பிறகு அந்தப் பையனுக்கும் பொண்ணுக்கும் என்ன ஆகிறது? இதற்கு நாம் போகிற இடம் கடலூர் மாவட்டம், அதிலும் சிதம்பரம். காரணம், தமிழில் விதிவிலக்கைப் பற்றிய மிகப் பழைய, மிகப் பிரபலமான கதை நடக்கிற ஊர் அது. நந்தனார் கதை.

கதை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் விதிகளை மட்டும் கவனித்துக்கொண்டு ஒருமுறை திரும்பக் கேளுங்கள். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்வது இது. ஆதனூர் புலைப்பாடியில் பிறந்தவர் நந்தனார். கோயில் பேரிகைகளுக்குத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அவர் கொடுத்தவை. பொருள் உள்ளே போகலாம், ஆள் போகக் கூடாது. திருப்புன்கூரில் வெளியே நின்று சிவனைப் பார்க்க முயல்கிறார், நந்தி மறைக்கிறது. இறைவன் நந்தியைக் கொஞ்சம் விலகச் சொல்கிறார். இன்றைக்கும் அந்தக் கோயிலில் நந்தி நேர்க்கோட்டில் இல்லாமல் ஒதுங்கித்தான் இருக்கும்.

எனக்கு இந்த இடம் எப்பவுமே உறுத்தும். நந்தி விலகியது, சரி. நந்தனார் எங்கே நின்றார்? முதலில் நின்ற அதே இடத்தில்தான், வெளியே. பார்வைக்கு வழி கிடைத்தது, காலுக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் சிதம்பரம். ‘நாளைப் போவேன், நாளைப் போவேன்’ என்று தள்ளித் தள்ளி, கடைசியில் தில்லைக்கு வருகிறார். ஊர் எல்லையைச் சுற்றிச் சுற்றி வருகிறார், உள்ளே போக முடியவில்லை. கனவில் இறைவன் வழி சொல்கிறார்: தீயில் மூழ்கி எழுந்து வா. தீ மூட்டித் தருகிறவர்கள் தில்லை அந்தணர்கள். அதில் இறங்கி, மார்பில் பூணூலோடு, சடைமுடியோடு, முனிவராக எழுந்து உள்ளே போகிறார். அதாவது இந்த வடிவத்தோடு உள்ளே வரக் கூடாது என்ற விதி அப்படியே இருந்தது. நந்தனாருடைய வடிவம்தான் மாறியது. அவருக்குப் பின்னால் அவருடைய சேரியிலிருந்து வந்தவர்கள் அதே எல்லையில்தான் நின்றார்கள். சட்டப்படி கோயில் வாசல் திறந்தது 1947-இல், சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டத்தில்.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இதை நந்தன் சரித்திரமாகப் பாடியபோது ஒரு புதுப் பாத்திரத்தைச் சேர்த்தார்: பண்ணையார். அவர் ஒரு அந்தணர். நந்தன் அவரிடம் சிதம்பரம் போக லீவு கேட்கிறான். போகலாம், ஆனால் 40 வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். ஒரு வேலி என்பது ஆறரை ஏக்கருக்கும் மேல். 40 வேலி கிட்டத்தட்ட 265 ஏக்கர். பாருங்க, ‘முடியாது’ன்னு அவர் சொல்லவே இல்லை. அனுமதி உண்டு, நிபந்தனைதான் மனுஷனால் முடியாதது. ஆபீஸில், ஹாஸ்டலில், என்.ஓ.சி. வாங்கப் போன இடத்தில் இந்தப் பண்ணையாரை நாம் எல்லாரும் சந்தித்திருக்கிறோம். கதையில் ஒரே இரவில் கடவுள் அருளால் வேலை முடிந்துவிடுகிறது. பண்ணையார் நந்தன் காலில் விழுகிறார். மற்ற பண்ணையாட்களுக்கு லீவு கிடைத்ததா என்று கதை சொல்வதில்லை.

இனி கடலூர். 1927. சென்னை மவுண்ட் ரோட்டில் கர்னல் நீல் என்கிற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியின் சிலை இருந்தது. 1857 கிளர்ச்சியை அடக்கியபோது அவன் செய்த கொடுமைகளுக்காக அந்தச் சிலையை அகற்றச் சொல்லி சத்தியாகிரகம் தொடங்கியது. கடலூர் முதுநகரைச் சேர்ந்த அஞ்சலையம்மாள் அதில் இறங்கினார். தனியாக இல்லை, தன் மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு. பத்து வயதை ஒட்டிய சிறுமி. இரண்டு பேரும் சிறைக்குப் போனார்கள்.

இன்றைக்கு ஒரு அமைப்பு பத்து வயதுக் குழந்தையை மறியலுக்குக் கூட்டிப்போனால் நாமே கேள்வி கேட்போம், கேட்கவும் வேண்டும். அன்றைக்கும் அது சாதாரணம் இல்லை. போராட்டம் அவளை ஒரு விதிவிலக்காக உள்ளே விட்டது. ஆனால் அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். அந்த ஆண்டு தமிழகச் சுற்றுப்பயணத்தில் இருந்த காந்தி அந்தச் சிறுமியைப் பற்றி அறிந்து, சந்தித்து, லீலாவதி என்று பெயர் வைத்து, தன் ஆசிரமத்துக்கு அழைத்துப்போய்ப் படிக்க வைத்தார். கைதட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடவில்லை. ஒரு சின்னத் தகவல்: லீலாவதி பின்னாளில் மணந்துகொண்டவர் க.ரா. ஜமதக்னி. கார்ல் மார்க்ஸின் ‘மூலதன’த்தைத் தமிழில் மொழிபெயர்த்தாரே, அவரேதான். காந்தி வளர்த்த பெண்ணும் மார்க்ஸைத் தமிழாக்கியவரும் ஒரே வீட்டில். கடலூர்க்காரங்க இதைச் சொல்லிப் பெருமைப்பட்டா தப்பே இல்லை.

அஞ்சலையம்மாளுக்கே இன்னொரு விதிவிலக்கு கிடைத்தது, அதுவும் பிரிட்டிஷ் சிறையிடம் இருந்து. 1930-களில் வேலூர் சிறையில் இருந்தபோது அவர் கர்ப்பிணி. பிரசவத்துக்காக வெளியே அனுப்பினார்கள். பிறந்த கைக்குழந்தையோடு திரும்பி வந்து மீதித் தண்டனையை அனுபவித்தார். அந்தப் பிள்ளைக்கு வைத்த பெயர் ஜெயில்வீரன். கொடுமையான விஷயம்தான். ஆனால் எதற்காகப் போகிறாய், எப்போது திரும்ப வேண்டும், எது மாறும், எது மாறாது என்பதில் இரண்டு பக்கமும் தெளிவு இருந்தது. அந்தத் தெளிவை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் வரப்போகிற கதையில் அது இருக்காது.

அதற்கு முன்னால் சிதம்பரத்தில் இன்னொருவரைப் பார்த்துவிடலாம். சுவாமி சகஜானந்தர். 1890-இல் ஆரணி பக்கம் மேல்புதுப்பாக்கத்தில், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். இயற்பெயர் முனிசாமி. திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் படித்தார். மதம் மாறச் சொன்னார்கள், மறுத்தார், படிப்பு அதோடு நின்றது. மிஷன் பள்ளிகள் இல்லையென்றால் அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான தலித் பிள்ளைகளுக்கு எழுத்தே கிடையாது, அதை மறுக்க முடியாது. ஆனால் இந்தப் பையன் விஷயத்தில் கதவில் ஒரு நிபந்தனை இருந்தது. குடும்பம் கோலார் தங்கவயலுக்குப் போனது. அங்கிருந்து சென்னை வியாசர்பாடி, கரபாத்திர சுவாமிகள் மடம், துறவு, சகஜானந்தர் என்ற பெயர். 1910-இல் சிதம்பரம் வந்து சேர்கிறார்.

1916-இல் அவர் தொடங்கியது நந்தனார் கல்விக் கழகம். நந்தனார் தீயில் மூழ்கிய இடம் என்று ஊரார் சொல்லும் ஓமக்குளம் பகுதியில்தான் நந்தனார் பள்ளி இருக்கிறது. இதை முதல்முறை கவனித்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஒரே ஒருவர் உள்ளே போவதற்காக எரிந்தார் என்று சொல்லப்படும் இடத்தில், யாரும் எரியத் தேவையில்லாத ஒரு வாசல். மற்ற பள்ளிகளில் ‘இந்தப் பையன் கெட்டிக்காரன், இவனை மட்டும் சேர்த்துக்கோங்க’ன்னு ஒவ்வொருத்தனுக்காகவும் சிபாரிசுக்கு அலைவதைவிட, சிபாரிசே வேண்டாத இடத்தைக் கட்டுவது மேல் என்று அவர் முடிவு செய்தார். விடுதி, சாப்பாடு, ஆண்களுக்கு, பெண்களுக்கு என்று அது வளர்ந்தது. சட்டமன்றத்துக்குப் போய் அங்கேயும் கல்விக்காகவும் கோயில் நுழைவுக்காகவும் வாதாடினார். 1959-இல் காலமாகும்வரை பள்ளிதான் அவருடைய வாழ்க்கை.

இதே வட்டாரத்தில் காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த எல். இளையபெருமாளைப் பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். பிறந்தது 1924. அவர் படித்த பள்ளியில் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்குத் தண்ணீர் குடிக்கத் தனிப்பானை. பானை உடைந்தது. புதுப்பானை வந்தது. அதுவும் உடைந்தது. உடைப்பது யார் என்று விசாரிக்கப்பட்டு இளையபெருமாள் பிடிபட்டார், ஏன் என்று கேட்டதற்குக் காரணத்தைச் சொன்னார். கடைசியில் எல்லாருக்கும் ஒரே பானை ஆனது. ‘நீ நல்லாப் படிக்கிற பையன், நீ மட்டும் அந்தப் பானையில குடிச்சுக்கோ’ன்னு அவருக்கு ஒரு சலுகை கொடுத்திருந்தால் பிரச்சினை ஒரே நாளில் அடங்கியிருக்கும், இல்லையா? மற்ற பிள்ளைகள் பழைய பானையிலேயே குடித்திருப்பார்கள். இவர்தான் 1952-இல் கடலூர் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனவர். தீண்டாமை பற்றி ஆராய 1965-இல் மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவர். 1969-இல் வந்த அந்த அறிக்கை இன்றைக்கும் இளையபெருமாள் குழு அறிக்கை என்றே அழைக்கப்படுகிறது.

சரி, இப்போ நம்ம தலைமுறை சம்பந்தப்பட்ட கதை. அதே ஊர், அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1929-இல் தொடங்கியது. 1942-இல் வந்த ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராக நடித்த தண்டபாணி தேசிகர் பின்னாளில் இங்கேதான் இசைத்துறையில் பேராசிரியராக இருந்தார். 1979-இல் பல்கலைக்கழகம் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் எந்த டவுனுக்குப் போனாலும் அதன் ஸ்டடி சென்டர் போர்டைப் பார்க்கலாம் என்கிற அளவுக்கு அது பரவியது.

அதில் திறந்தநிலைப் பல்கலைக்கழக முறை என்று ஒரு பிரிவு. இதைப் புரிந்துகொள்ள 10+2+3 விதி தெரிய வேண்டும்: பத்தாவது, ப்ளஸ் டூ, மூன்று வருஷ டிகிரி, அப்புறம்தான் எம்.ஏ. ப்ளஸ் டூவே தமிழ்நாட்டில் 1978-இல் வந்ததுதான். இந்த வரிசையில் நடுவில் விழுந்தவர்கள் லட்சக்கணக்கில். அப்பா இறந்ததால் எட்டாவதோடு கடைக்குப் போன பையன், வயசுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பொண்ணு, பத்தாவது பெயிலாகிப் பட்டாளத்துக்குப் போனவர். இவர்களுக்காக யு.ஜி.சி. 1985-இல் தொலைதூரக் கல்வி ஒழுங்குமுறைகளில் எழுத்திலேயே ஒரு விதிவிலக்கு வைத்தது. முறையான பள்ளிப் படிப்பு இல்லாவிட்டாலும், 21 வயது நிரம்பியிருந்து, பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வில் தேறினால், முதல் டிகிரியில் சேரலாம். நல்ல விதிவிலக்கு, என்னைக் கேட்டால் ரொம்ப நல்ல விதிவிலக்கு. யாருக்கு, எந்த வயதில், எந்தத் தேர்வோடு என்று தெளிவாக இருக்கிறது. ஆனால் எம்.ஏ. சேர முதல் டிகிரி வேண்டும் என்பதை அது தளர்த்தவில்லை.

சிதம்பரத்தில் அந்தப் பாலம் இன்னும் கொஞ்சம் நீட்டப்பட்டது. பி.ஏ. இல்லாமலே நேரடியாக எம்.ஏ. வயது இருந்தால் போதும். நினைச்சுப் பாருங்க, 35 வயசில், பள்ளிக்கூடமே முடிக்காத ஒருத்தருக்கு ‘எம்.ஏ.’ என்கிற இரண்டு எழுத்து கிடைக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போடலாம், ஆபீஸில் பதவி உயர்வு கேட்கலாம். ஏமாற்ற வேண்டும் என்று யாரும் அதில் சேரவில்லை. விளம்பரம் வந்தது, விண்ணப்பம் வாங்கினார்கள், ஃபீஸ் கட்டினார்கள், புத்தகம் தபாலில் வந்தது, ராத்திரி உட்கார்ந்து படித்தார்கள், பரீட்சை எழுதினார்கள், பாஸானார்கள்.

வழக்கு வந்தது வேறொரு இடத்திலிருந்து. தமிழ்நாடு அரசின் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் முதல்வர் பதவி. அதற்கு நியமிக்கப்பட்டவரிடம் இருந்தது இந்த முறையில் வாங்கிய எம்.ஏ. அது செல்லுமா என்று கேள்வி எழுந்து, உயர் நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றம் வரை போனது. 2009 பிப்ரவரியில் தீர்ப்பு: முதல் டிகிரி இல்லாமல் கொடுத்த எம்.ஏ. செல்லாது. யு.ஜி.சி. விதிகள் திறந்தநிலைக் கல்விக்கும் பொருந்தும். விதியை அப்புறமாகத் தளர்த்தி ஏற்றுக்கொள்ளலாமே என்ற வாதமும் வைக்கப்பட்டது. அடிப்படைத் தகுதியைப் பின்தேதியிட்டுத் தளர்த்த முடியாது என்று நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்ட் 18-இல் தமிழ்நாடு அரசின் பணியாளர் துறை அரசாணை 107. பத்தாவது, ப்ளஸ் டூ இரண்டையும் முடித்துவிட்டு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம்தான் அரசு வேலைக்குச் செல்லும். டி.என்.பி.எஸ்.சி.க்குத் தயாராகிறவங்களுக்கு இந்த நம்பர் மனப்பாடம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நேரடி எம்.ஏ. மட்டும் இதில் போகவில்லை. 1985-இன் ஒழுங்கான விதிவிலக்கில், 21 வயதில், நுழைவுத் தேர்வு எழுதி முறையாக பி.ஏ. வாங்கியவருக்கும் அரசு வேலைக் கதவு மூடியது. நீட்டிய பாலம் இடிந்தபோது நல்ல பாலத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது.

தீர்ப்பு தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ப்ளஸ் டூ பெயிலாகி, திரும்ப எழுதி, டுடோரியல் போய், பி.ஏ. முடித்து வந்த பொண்ணும் அதே வேலைக்குத்தான் நிற்கிறாள். அவளிடம் ‘நீ பட்ட கஷ்டமெல்லாம் தேவையே இல்லை’ன்னு எந்த நீதிமன்றமும் சொல்ல முடியாது. எனக்கு உறுத்துவது கணக்கு யார் பெயரில் எழுதப்பட்டது என்பது. அந்தப் படிப்பை வடிவமைத்தவர், அனுமதித்தவர், அத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருந்தவர், யாருடைய பட்டமும் செல்லாமல் போகவில்லை. சர்டிபிகேட் செல்லாமல் போனது பெட்டியில் அதைப் பத்திரமாக வைத்திருந்தவருக்கு. லீலாவதிக்குப் பின்னால் ஒரு ஆசிரமம் நின்றது. இவர்களுக்குப் பின்னால் ஒரு ரசீது மட்டும்தான்.

இதைக் கேட்கிறவர்களில் நிறையப் பேர் இப்போது ஏதோ ஒன்றை நடத்திக்கொண்டிருப்பீர்கள். வார இறுதி டியூஷன் சென்டர், நூலக வாசகர் வட்டம், ஃபுட்பால் கோச்சிங், என்.எஸ்.எஸ். அலகு. என்.எஸ்.எஸ். 1969-இல் தொடங்கியது. இரண்டு வருஷத்தில் 240 மணி நேரச் சேவை, ஒரு ஏழு நாள் முகாம், அப்புறம்தான் சர்டிபிகேட். எந்த திட்ட அலுவலரைக் கேட்டாலும் ஒரே பிரச்சினையைச் சொல்வார்: பொண்ணு 240 மணி நேரமும் முடித்திருப்பாள், முகாமில் ராத்திரி தங்க வீட்டில் விடமாட்டார்கள். ‘பரவாயில்லம்மா, வந்த மாதிரி எழுதிக்கிறேன், யார்கிட்டயும் சொல்லாதே’ன்னு முடித்துவிடலாம். அந்த நிமிஷத்துக்கு அது அன்புதான். ஆனால் வராத முகாமுக்கான கையெழுத்து அவள் ஃபைலில் இருக்கும். நாளைக்கு ஒருத்தர் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியது அவள். அந்த அலுவலர் வேறு ஊருக்கு மாறிப் போயிருப்பார்.

இன்னொரு வழி மெதுவானது, தலைவலி பிடித்தது. பிரின்சிபாலிடம் எழுதிக் கேட்பது. பக்கத்து கிராமத்திலேயே முகாமைப் போட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவர்கள் காலையில் திரும்பி வந்து எத்தனை நாளில் ஈடுகட்டுவது என்று முன்னாடியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குவது. அம்மாவையே ஒருநாள் முகாமுக்கு வரச்சொல்வது. ‘முடியாது’ என்று பதில் வந்தால் அதை அவளிடம் முதல் வாரத்திலேயே சொல்வது, கடைசி நாளில் இல்லை. அவளுக்குக் கிடைக்கிற வழி அடுத்த வருஷம் வரப்போகிற, பிரின்சிபாலைத் தெரியாத, வாய் திறந்து கேட்கத் தெரியாத பொண்ணுக்கும் இருக்குமா என்று நோட்டீஸ் போர்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சகஜானந்தர் செய்ததும் இந்த மாதிரித் தலைவலி பிடித்த வேலைதான், 43 வருஷம்.

சிதம்பரம் போனால் நடராஜரைப் பார்த்துவிட்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடாதீங்க. ஓமக்குளம் பக்கம் நந்தனார் பள்ளி வழியாக ஒரு நடை போயிட்டு வாங்க. காலை பெல் அடிக்கிற நேரமா இருந்தா இன்னும் நல்லது.

அடுத்த எபிசோடில் கடலூரிலேயே இருக்கப்போகிறோம். 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி செயின்ட் டேவிட் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் எங்களுக்கு என்று ஒப்பந்தம் போட்டு, சுற்றியிருந்த கிராமங்களையும் சேர்த்து எடுத்துக்கொண்ட கதை.